ரெயில் எத்தனை மணிக்குப் புறப்படும்?

இலக்கணம் சொல்லாமலே இங்கிலீஷ் கற்றுக் கொடுத்த வகுப்புகளின் கதை

கரும்பலகையில் ரெயில் வண்டிகளின் நேரம் எழுதப்பட்டு இருக்கிறது. சென்னையில் இத்தனை மணிக்குப் புறப்படும். காட்பாடிக்கு இத்தனை மணிக்கு வரும். பெங்களூருக்கு இத்தனை மணிக்குப் போய்ச் சேரும்.

ஆசிரியர் கேட்கிறார்:

"காலை வண்டி சென்னையை விட்டு எப்போது புறப்படுகிறது?"

"ஏழு" என்கிறான் ஒரு பையன்.

"ஏழு மணிக்கா? நன்றாகப் பார்."

"ஏழு, முப்பது."

"சரி. ஏழு முப்பதுக்குப் புறப்படுகிறது. பெங்களூருக்கு ஒரு மணிக்குப் போய்ச் சேருகிறது. அப்படியானால் பயணம் எத்தனை மணி நேரம்?"

வகுப்பு முழுவதும் விரல் விட்டு எண்ணுகிறது. மூன்றாவது பெஞ்சில் இருந்து ஒரு குரல்: "அஞ்சரை!"

"ஆமாம். ஐந்தரை மணி நேரம். உன் மாமா காட்பாடியில் இருக்கிறார். அவர் பகல் பன்னிரண்டு மணிக்குள் பெங்களூரில் இருக்க வேண்டும். எந்த வண்டியில் ஏறுவார்?"

வெளியே நின்று பார்ப்பவர்கள் இது கணக்கு வகுப்பு என்றுதான் நினைப்பார்கள். இல்லை. இது இங்கிலீஷ் வகுப்பு! மேலே தமிழில் சொன்ன கேள்விகளை எல்லாம் ஆசிரியர் ஆங்கிலத்தில்தான் கேட்பார். பிள்ளைகளும் கூடுமானவரை ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். பாடப்புத்தகம் இல்லை. வினைச்சொல் அட்டவணை இல்லை. "எல்லாரும் என்னோடு சேர்ந்து சொல்லுங்கள்" என்ற கோரஸ் இல்லை. ரெயிலைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம்.

இந்த மாதிரி வகுப்புகள் 1979-ம் ஆண்டு முதல் 1984-ம் ஆண்டு வரை பெங்களூர், சென்னை, கடலூர் முதலிய ஊர்களில் நடந்தன. "பெங்களூர்த் திட்டம்" என்று உலகம் முழுவதும் மொழி ஆசிரியர்கள் இதைச் சொல்கிறார்கள். வெளிநாட்டுக் கல்லூரிகளில் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள். நம் ஊரில் பலருக்கு இதன் பெயர் கூடத் தெரியாது.

"நான் கதவுக்குப் போகிறேன்"

இந்தப் பரிசோதனை ஏன் தேவைப்பட்டது? அதற்கு முன்னால் நம் பள்ளிகளில் ஆங்கிலம் எப்படிக் கற்பிக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

வெகு காலம் வரை இலக்கணமும் மொழிபெயர்ப்பும்தான். விதியை மனப்பாடம் செய்ய வேண்டும்; வாக்கியத்தைத் தமிழில் மாற்ற வேண்டும். நம் தாத்தாக்கள் அப்படித்தான் படித்தார்கள்.

1950-களில் புது முறை ஒன்று வந்தது. வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, எளியதில் தொடங்கிக் கடினமானது வரை வரிசையாகக் கற்பிக்கும் முறை அது. சென்னை மாநிலத்தில் 1950-களின் கடைசியிலும் 1960-களிலும் ஆயிரக்கணக்கான தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இதில் பயிற்சி கொடுத்தார்கள். தென்னிந்தியாவுக்கான மண்டல ஆங்கிலக் கல்வி நிலையம் 1963-ல் பெங்களூரில் தொடங்கப்பட்டது.

அந்த வகுப்பு எப்படி இருக்கும் என்பது அந்தக் காலத்தில் படித்தவர்களுக்கு நினைவு இருக்கும்.

ஆசிரியர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டுவார். "திஸ் இஸ் எ புக்" என்பார். வகுப்பு முழுவதும் "திஸ் இஸ் எ புக்" என்று கத்தும். அது புத்தகம் என்பதில் யாருக்கும் சந்தேகமே இருந்திருக்காது. ஆனாலும் கத்த வேண்டும்.

பிறகு ஆசிரியர் கதவை நோக்கி நடப்பார். நடந்துகொண்டே "ஐ ஆம் கோயிங் டு தி டோர்" என்பார். ஒரு பையனையும் அப்படியே நடக்கச் சொல்வார். உலகத்தில் எந்த மனிதனாவது கதவுக்குப் போகும்போது "நான் கதவுக்குப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டே போவானா? போகமாட்டான். வகுப்பில் மட்டும் போவார்கள்.

இந்த முறையைக் கேலி செய்துவிடக் கூடாது. மனப்பாடத்தில் இருந்து பிள்ளைகளை வாயைத் திறந்து பேச வைத்தது இதுதான். ஆசிரியர்கள் மிகவும் பாடுபட்டார்கள். அப்படி இருந்தும் ஒரு குறை தீரவில்லை. வகுப்பில் சரியாகச் சொன்ன அதே வாக்கியத்தைப் பிள்ளை வெளியே வந்ததும் தப்பாகச் சொல்லியது. அல்லது சொல்லவே இல்லை. பல வருடம் ஆங்கிலம் படித்து, பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிய பெண், தபால் ஆபீசில் ஒரு பாரத்தைப் பூர்த்தி செய்யப் பக்கத்தில் நிற்பவரைக் கேட்க வேண்டி இருந்தது.

பணக்காரக் குழந்தைக்கு இது பெரிய நஷ்டம் இல்லை. வீட்டிலே கேட்கும், கான்வெண்டிலே பேசும். தமிழிலோ கன்னடத்திலோ படித்து, பள்ளிக்கூடத்தில் மட்டும் ஆங்கிலத்தைப் பார்க்கிற குழந்தைக்கு அந்த முக்கால் மணி நேரம்தான் எல்லாம். அது வீணானால் வேறு வழி இல்லை.

என்.எஸ்.பிரபு

என்.எஸ்.பிரபு என்பவர் அப்போது சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வி அதிகாரியாக இருந்தார். கதவுக்கு நடக்கும் வகுப்புகள் அவருக்கு நன்றாகத் தெரிந்தவை. குறை எங்கே என்று அவரும், பெங்களூர் நிலையத்தைச் சேர்ந்த ஆசிரியர்களும் கூடிக் கூடிப் பேசினார்கள்.

வாக்கிய அமைப்புகளின் வரிசையை மாற்றினால் போதுமா? இன்னும் நல்ல பயிற்சிகள் எழுதினால் போதுமா? அதே காலத்தில் ஐரோப்பாவில் வேறு ஒரு யோசனை பரவிக்கொண்டு இருந்தது. "மன்னிப்புக் கேட்பது", "வழி கேட்பது", "கடையில் சாமான் வாங்குவது" என்று பேச்சுக்களைப் பட்டியல் போட்டுக் கற்பிப்பது அது. நம் ஊர்ப் பையன் லண்டன் கடையில் சாமான் வாங்கப் போவது எப்போது? அது இங்கே பொருந்தாது என்று அவர்கள் நினைத்தார்கள்.

முடிவில் பிரபு எடுத்துக்கொண்ட கருத்து மிகவும் எளிமையானது. துணிச்சலானதும் கூட.

மனிதன் பொருளில் மனத்தைச் செலுத்தும்போதுதான் மொழியின் இலக்கணம் அவனுக்குள் நன்றாகப் படிகிறது. இலக்கணத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு இருந்தால் படிவது இல்லை.

சைக்கிள் ஓட்டுகிறவன் பாதையைப் பார்க்கிறான். பெடலைப் பார்த்தால் விழுந்துவிடுகிறான். ஏறக்குறைய அந்த மாதிரிதான் இதுவும்.

ஆகவே வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு காரியம் கொடுக்க வேண்டும். மூளையைக் கொஞ்சம் வேலை வாங்கும் காரியம். அதைச் செய்து முடிக்க வேண்டும் என்ற ஆசையில் அவர்கள் ஆங்கிலத்தைக் கேட்பார்கள், படிப்பார்கள், தேவைப்பட்ட அளவுக்குச் சொல்வார்கள். ஆங்கிலம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

என்ன என்ன காரியங்கள்?

ரெயில் நேரம் ஒன்று. ஊரின் வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடிப்பது இன்னொன்று. மாதக் காலண்டர், வகுப்பின் கால அட்டவணை, ஊருக்கு ஊர் தூரம், குடும்பத்தில் யாருக்கு என்ன வயது, யாருக்கு யார் என்ன உறவு, நூல் நிலையத்தின் விதிகள், மணியார்டர் அனுப்புவது, தந்தி கொடுப்பது... இப்படிப் போகும். ஆசிரியர் சொல்லச் சொல்லக் கோடும் வட்டமும் கட்டமும் வரைவதும் உண்டு. கதையைப் படித்துத் திருடன் யார் என்று கண்டுபிடிப்பதும் உண்டு.

(தந்தி என்றால் இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. நம் நாட்டில் தந்தி சேவை 2013-ம் ஆண்டு ஜூலை மாதத்தோடு நின்றுவிட்டது. வார்த்தைக்கு இவ்வளவு காசு என்று கணக்கு உண்டு. காசு மிச்சம் பிடிக்க வார்த்தையைக் குறைத்து எழுத வேண்டும். மொழிப் பயிற்சிக்கு அதைவிட நல்ல விளையாட்டு வேறு என்ன இருக்க முடியும்?)

இந்தக் காரியங்களைப் பிரபு மூன்று வகையாகப் பிரித்தார்.

ஒருவனுக்குத் தெரிந்த செய்தி இன்னொருவனுக்குத் தெரியாது. அதைச் சொல்லிப் பகிர்ந்துகொள்வது முதல் வகை. தெரிந்த செய்திகளை வைத்து யோசித்துத் தெரியாத ஒன்றைக் கண்டுபிடிப்பது இரண்டாவது வகை. தன் சொந்த விருப்பத்தை, அபிப்பிராயத்தைச் சொல்வது மூன்றாவது வகை.

மூன்றிலும் எது நன்றாக வேலை செய்தது தெரியுமா? இரண்டாவதுதான்.

முதல் வகையில் செய்தியைக் கைமாற்றிவிட்டால் வேலை முடிந்துவிடுகிறது. மேலே பேச ஒன்றும் இல்லை. மூன்றாவது வகையில் சரி-தப்பு என்று எதுவும் இல்லை. "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டால், புதிதாக ஆங்கிலம் படிக்கும் குழந்தை திணறிப்போகிறது. யோசித்துக் கண்டுபிடிக்கும் காரியத்தில் மட்டும், பிள்ளைகளுக்கு நிச்சயமான ஒரு விடை கிடைக்கிறது. வந்தது சரியா என்று தாங்களே பார்த்துக்கொள்ளவும் முடிகிறது. விடுகதைக்கு விடை கிடைத்த சந்தோஷம் அது. கேலிக்கு ஆளாவோமோ என்ற பயமும் குறைகிறது.

இரண்டு தடவை

ஒவ்வொரு பாடத்திலும் காரியத்தை இரண்டு தடவை செய்தார்கள்.

முதல் தடவை வகுப்பு முழுவதும் சேர்ந்து செய்யும். ஆசிரியர் கேட்பார், பிள்ளைகள் சொல்வார்கள். எளிய கேள்வி முதலில். போகப் போகக் கடினமானது. தடுமாறினால் ஆசிரியர் கேள்வியை வேறு விதமாகக் கேட்பார், துண்டு துண்டாக உடைத்துக் கேட்பார், பலகையில் எழுதிக் காட்டுவார்.

இரண்டாவது தடவை அதே மாதிரி இன்னொரு காரியம். இதை ஒவ்வொரு பிள்ளையும் தனியாக உட்கார்ந்து தாளில் செய்ய வேண்டும். ஆசிரியர் திருத்தி மார்க் போடுவார். மார்க் எதற்கு? இங்கிலீஷுக்கு அல்ல. காரியம் சரியா என்பதற்கு. ரெயிலைச் சரியாகப் பிடித்தாயா, விட்டுவிட்டாயா என்பதற்கு.

காரியம் அளவாகக் கடினமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கும் ஒரு கணக்கு வைத்து இருந்தார்கள். வகுப்பில் சுமார் பாதிப் பேர், கொடுத்ததில் சுமார் பாதியைச் சரியாகச் செய்ய வேண்டும். எல்லாரும் எல்லாவற்றையும் சரியாகச் செய்தால் காரியம் மிகவும் சுலபம். மறுநாள் கொஞ்சம் கடினமாக்க வேண்டும். யாராலும் முடியவில்லை என்றால் ஒரு படி இறங்கிவர வேண்டும்.

ஆண்டுத் தொடக்கத்திலேயே "இந்த வாரம் இந்தப் பாடம்" என்று எழுதி வைப்பது இங்கே நடக்காது. நேற்று எப்படி நடந்தது என்பதைப் பார்த்துத்தான் இன்றைய பாடத்தை எழுத வேண்டும்.

தப்பு செய்தால்?

தாய்மார்கள் முதலில் கேட்பது இதைத்தான். பிள்ளை தப்பும் தவறுமாகப் பேசினால் விட்டுவிடுவதா?

விடவில்லை. ஆனால் பாடத்தை நிறுத்தி இலக்கண வகுப்பு நடத்தவும் இல்லை.

பிள்ளை உடைந்த ஆங்கிலத்தில் பதில் சொன்னால், ஆசிரியர் அதை ஏற்றுக்கொள்வார். அதையே நல்ல ஆங்கிலத்தில் தானும் ஒரு முறை சொல்லிவிட்டு மேலே போவார். வீட்டில் மழலை பேசும் குழந்தைக்குத் தாய் பதில் சொல்வது மாதிரி. "அம்மா, பூன பால் குச்சுச்சு" என்றால், "அடடா, பூனை பாலைக் குடித்துவிட்டதா?" என்றுதான் தாய் கேட்கிறாள். "பூனை என்பது எழுவாய்" என்று யாரும் ஆரம்பிப்பது இல்லை.

ஒரே வார்த்தையில் பதில் சொல்லலாம். எண்ணை மட்டும் சொல்லலாம். ஆம், இல்லை என்று தலையை ஆட்டலாம். தமிழிலோ கன்னடத்திலோ வாய் தவறி வந்துவிட்டால் அதற்காக முட்டி போடச் சொல்வது இல்லை. ஆசிரியர் அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வார், அவ்வளவுதான்.

ஆசிரியர் சொன்ன வார்த்தையையோ, பலகையில் இருந்த வார்த்தையையோ எடுத்துத் தன் பதிலில் போட்டுக்கொள்ளலாம். "கடன் வாங்குவது" என்று இதற்குப் பெயர். காப்பி அடிப்பது என்று இதை யாரும் திட்டவில்லை. இன்று கடன் வாங்கிய சொல் நாலு நாள் கழித்துச் சொந்தச் சொல் ஆகிவிடும் என்பது எண்ணம்.

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இந்த வகுப்புகளில் பிள்ளைகளைக் குழு குழுவாக உட்கார வைத்துப் பேசச் சொல்லவில்லை. வெளிநாடுகளில் அப்போது குழு வேலை என்றால் பெரிய மோகம். பிரபு வேண்டாம் என்றார். ஒருவன் தப்பை இன்னொருவன் கேட்டு, அவன் தப்பை இவன் கேட்டு, எல்லாருமாகச் சேர்ந்து ஒரு தப்பு ஆங்கிலத்தை உண்டாக்கிவிடுவார்கள் என்பது அவருடைய கவலை. பிள்ளைகளின் காதில் விழுவது ஆசிரியரின் ஆங்கிலமாக இருக்கட்டும் என்று நினைத்தார். இதைக் குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் நெருக்கியடித்து உட்கார்ந்து இருக்கும் நம் ஊர் வகுப்பில் குழு பிரித்தால் என்ன சத்தம் வரும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

செலவும் அதிகம் இல்லை. கரும்பலகை, சாக்குக்கட்டி, தாள், பென்சில். இவை போதும். ஏழைப் பள்ளிக்கூடத்திலும் நடக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

பிள்ளைகளோடு விளையாடலாமா?

மொத்தம் எட்டு வகுப்புகளில் இந்த முறை நடந்தது. பிள்ளைகளுக்கு 8 வயது முதல் 15 வயது வரை இருக்கும். ஒவ்வொரு வகுப்பும் ஓராண்டு முதல் மூன்று ஆண்டு வரை தொடர்ந்தது. வகுப்புக்கு 30 முதல் 45 பிள்ளைகள். சில இடங்களில் 60 வரை கூட உண்டு.

முதலில் பாடம் நடத்தியவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அனுபவசாலிகள். பிரபுவும் வகுப்பில் நின்று பாடம் நடத்தினார். மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். மணி அடித்ததும் விவாதம் தொடங்கும். எது சரிப்பட்டது, எது படுத்துவிட்டது என்று எழுதி வைப்பார்கள். ஆண்டுதோறும் கூட்டம் கூட்டி, வெளியாரையும் அழைத்து, வகுப்பைக் காட்டிக் குறை கேட்டார்கள்.

குறை சொல்லவும் ஆள் இருந்தது. "பாடப்புத்தகம் இல்லாமல் ஒரு வகுப்பா?" "பரீட்சையில் வினைச்சொல்லை மாற்றி எழுதச் சொன்னால் இந்தப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?" "இலக்கணம் தானாக வந்துவிடும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?"

நியாயமான கேள்விகள்தான். ஒரு மருந்து பலிக்காவிட்டால் வேறு மருந்து சாப்பிடலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு மூன்று வருடம் போனால் அது திரும்ப வராது. வீட்டுக்கு வரும் நோட்டுப் புத்தகத்தில் ரெயில் நேரமும் வட்டமும் கட்டமும் இருந்தால், "என்னடா படித்தாய் இன்றைக்கு?" என்று எந்தத் தகப்பனும் கேட்கத்தான் செய்வார்.

பரீட்சைக்குப் பரீட்சை

1984-ல் இந்தத் திட்டத்தைச் சோதிக்க இங்கிலாந்துக்கு வடக்கே உள்ள ஸ்காட்லாந்தில் இருந்து இருவர் வந்தார்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் டேவிஸ், ஆலன் பெரட்டா என்பவர்கள்.

அதே பள்ளிகளில் பழைய முறையில் படித்த வகுப்புகளையும், புது முறையில் படித்த வகுப்புகளையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் ஒரே பரீட்சைகளை வைத்தார்கள்.

இங்கே ஒரு சிக்கல். எந்தப் பரீட்சை வைப்பது? பழைய முறைக்கு ஏற்ற பரீட்சை வைத்தால் பழைய வகுப்பு ஜெயிக்கும். புது முறைக்கு ஏற்றதை வைத்தால் புது வகுப்பு ஜெயிக்கும். மல்யுத்தக்காரனையும் ஓட்டக்காரனையும் எந்தப் போட்டியில் மோதவிடுவது?

அதனால் மூன்று விதமாக வைத்தார்கள். வாக்கிய அமைப்பைச் சோதிக்கும் பரீட்சை ஒன்று. இது பழைய முறைக்குச் சாதகம். காரியம் செய்து காட்டும் பரீட்சை ஒன்று. இது புது முறைக்குச் சாதகம். இரண்டுக்கும் பொதுவாக, சொல்வதைக் கேட்டு எழுதுவது, கேட்டும் படித்தும் புரிந்துகொள்வது, சூழ்நிலையோடு சேர்ந்த இலக்கணம் ஆகியவற்றில் சில பரீட்சைகள்.

முடிவு என்ன?

வாக்கிய அமைப்பில் பழைய வகுப்புகள் மேலாக இருந்தன. காரியப் பரீட்சையில் புது வகுப்புகள் முந்தின. இவை எதிர்பார்த்தவைதான். பொதுவான பரீட்சைகளில்தான் எல்லாருடைய கண்ணும் இருந்தது. அவற்றில் மொத்தத்தில் புது வகுப்புகளின் பக்கமே தராசு சாய்ந்தது. சொல்லிக் கொடுக்காத இலக்கணத்தைச் சூழ்நிலையோடு சேர்த்துக் கேட்டபோது, புது வகுப்புப் பிள்ளைகளுக்கு அது கைகொடுத்து இருந்தது.

இதைக் கொண்டு "வெற்றி, வெற்றி!" என்று கூவிவிட முடியாது. சோதித்தவர்களே அளந்துதான் பேசினார்கள். பிள்ளைகளைச் சீட்டுப் போட்டுப் பிரிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த வகுப்புகளை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். புது முறையில் பாடம் நடத்திய ஆசிரியர்கள் அதிக ஆர்வமும் தகுதியும் உள்ளவர்களாக இருந்து இருக்கலாம். நல்ல சமையல்காரர் கையில் எந்த அரிசியும் நன்றாகத்தான் வேகும்.

இந்தச் சந்தேகத்தைப் பெரட்டா பிறகு மேலும் கிளறினார். பாடம் நடத்திய ஆசிரியர்கள் தாங்களே எழுதிய அனுபவங்களைச் சேகரித்துப் பார்த்தார். பயிற்சியாளர்களும் அனுபவசாலிகளும் புது முறையை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். அன்றாடம் பள்ளியில் வேலை பார்க்கும் சாதாரண ஆசிரியர்களுக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது என்பது தெரியவந்தது. 1990-ல் இதை அவர் வெளியிட்டார்.

இது சின்ன விஷயம் அல்ல. புத்தகத்தில் எழுதியுள்ள வாக்கியத்தைச் சொல்லச் சொல்வது ஒன்று. நாற்பது பிள்ளைகள் நாற்பது விதமாகச் சொல்லும் பதிலுக்கு அந்தக் கணமே ஆங்கிலத்தில் பேசிச் சமாளிப்பது வேறு. தன் ஆங்கிலத்திலேயே நம்பிக்கை இல்லாத ஆசிரியரைத் துணை இல்லாமல் இதில் இறக்கிவிடுவது அநியாயம். திட்டத்தின் பலவீனம் எது என்று கேட்டால், இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கடல் கடந்து போனது

1984-ல் திட்டம் முடிந்தது. 1987-ல் பிரபு தம் அனுபவங்களை ஒரு புத்தகமாக எழுதினார். ஆக்ஸ்போர்டு பதிப்பகம் வெளியிட்டது. பிறகு அவர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

அந்தச் சமயத்தில் மொழி ஆசிரியர்கள் பலர் இதே திசையில் யோசித்துக்கொண்டு இருந்தார்கள். அமெரிக்காவில் மைக்கேல் லாங் என்பவர், மாணவன் வாழ்க்கையில் உண்மையாகவே செய்ய வேண்டிய காரியங்கள் எவை என்று முதலில் கண்டுபிடித்து, அவற்றையே பாடமாக்க வேண்டும் என்றார். அதே சமயம், பிள்ளை தடுமாறும் இடத்தில் இலக்கணத்தையும் சற்றுச் சுட்டிக்காட்டலாம் என்றார். பிரபு அந்த அளவுக்குக் கூடப் போகவில்லை. 1996-ல் ஜேன் வில்லிஸ் என்ற ஆங்கிலேய அம்மையார், ஆசிரியர்கள் அப்படியே பின்பற்றும்படி இந்த முறையைப் படிப்படியாக விளக்கிப் புத்தகம் எழுதினார். காரியத்தை முதலில் செய்துவிட்டு, கடைசியில் அதில் வந்த சொற்களையும் அமைப்புகளையும் திரும்பிப் பார்ப்பது அவர் முறை. இப்போது உலகத்தில் அதிகமாகப் பரவி இருப்பது இப்படி இலக்கணத்துக்கும் கொஞ்சம் இடம் கொடுக்கும் வகைதான்.

பெல்ஜியம் நாட்டில் டச்சு மொழி பேசும் ஃபிளாண்டர்ஸ் பகுதியில், வெளிநாட்டில் இருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு டச்சு மொழி கற்பிக்க இந்த வழியைப் பெரிய அளவில் கையாண்டார்கள். ஹாங்காங்கிலும் 1990-களில் பள்ளிப் பாடத்திட்டத்திலேயே சேர்த்துப் பார்த்தார்கள். ஹாங்காங் ஆசிரியர்கள் சொன்ன குறைகளைக் கேட்டால் நம் ஆசிரியர்கள் சிரிப்பார்கள். வகுப்பில் கூட்டம் அதிகம், நேரம் போதவில்லை, பரீட்சை பழைய மாதிரியே இருக்கிறது, சத்தம் தாங்க முடியவில்லை!

பிரபு 1990-ல் ஒரு கட்டுரை எழுதினார். எல்லாருக்கும் பொருந்தும் சிறந்த முறை என்று ஒன்று உண்டா என்பது பொருள். அவர் தம் முறைதான் சிறந்தது என்று எழுதி இருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. முறை எதுவானாலும், வகுப்பில் நடப்பது பிள்ளையின் படிப்புக்கு எப்படி உதவுகிறது என்பது பற்றி ஆசிரியருக்குச் சொந்தமாக ஓர் உணர்வு இருக்க வேண்டும். அந்த உணர்வு உயிரோடு இருக்கிறதா, இயந்திரமாகிவிட்டதா என்பதுதான் முக்கியம் என்று எழுதினார். ஐந்து வருடம் ஒரு முறைக்காகப் பாடுபட்ட மனிதர் இப்படிச் சொன்னது பலரை யோசிக்க வைத்தது.

வீட்டில் செய்து பார்க்கலாம்

இந்த முறைக்குப் பள்ளிக்கூடம்தான் வேண்டும் என்பது இல்லை. ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்த அண்ணனோ அக்காளோ வீட்டில் இருந்தால் போதும். மருந்துச் சீட்டில் காலை எத்தனை, இரவு எத்தனை. பத்து நாளைக்கு மொத்தம் எத்தனை மாத்திரை வாங்க வேண்டும்? காலண்டரில் அடுத்த அமாவாசை என்ன கிழமை? கரெண்ட் பில்லில் போன தடவையை விட எத்தனை யூனிட் அதிகம்? கேள்வியை ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். பதில் ஒரு சொல்லாக வந்தாலும் சரி. தப்பாக வந்தால் சிரிக்கக் கூடாது.

பெரியவர்களுக்கும் இது ஆகும். புதிதாகத் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்ட ஒரு பாட்டி, "அ, ஆ" என்று எழுதிக்கொண்டு இருப்பதைவிட, பஸ்ஸின் நெற்றியில் எழுதி இருக்கும் ஊரைப் படித்துச் சரியான பஸ்ஸில் ஏறுவது அதே வகைப் பாடம்தான்.

மாதிரிக்கு ஒரு காரியம் இதோ. நேரங்கள் கற்பனை. இதை நம்பி யாரும் பஸ் நிலையத்துக்குப் போய்விட வேண்டாம்!

முதல் பஸ்: கடலூர் காலை 6-00, பண்ருட்டி 6-50, விழுப்புரம் 7-40.

இரண்டாவது பஸ்: கடலூர் 7-15, பண்ருட்டி 8-05, விழுப்புரம் 8-55.

மூன்றாவது பஸ்: கடலூர் 8-30, பண்ருட்டி 9-20, விழுப்புரம் 10-10.

பண்ருட்டியில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு விழுப்புரத்தில் வேலைக்கான நேர்முகத் தேர்வு. காலை 9-15-க்கு அங்கே இருக்க வேண்டும். வீட்டில் இருந்து பண்ருட்டி பஸ் நிலையத்துக்கு நடந்து போக 15 நிமிடம். விழுப்புரம் பஸ் நிலையத்தில் இருந்து அலுவலகத்துக்கு நடக்க 20 நிமிடம். அவள் வீட்டை விட்டுக் கடைசியாக எத்தனை மணிக்குப் புறப்படலாம்?

விடை: 7 மணி 50 நிமிடம். இரண்டாவது பஸ்ஸில் போனால் சரியாக 9-15-க்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். பஸ் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் என்ன செய்வது என்று உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டால், பாடம் நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். அந்தக் கேள்விக்கு விடை: 6 மணி 35 நிமிடம்.